வானிலைக் கணக்கும் அளவீட்டுப் பிழையும்

காற்றின் இயக்கத்தை ஆளும் சமன்பாடுகளைக் கணிப்பொறி படிப்படியாகத் தீர்த்து நாளைய வானிலையைக் கூறுகின்றது. அக்கணக்குத் தொடங்குவதற்கு இன்றைய நிலை தெரிந்திருத்தல் வேண்டும். அதனைத் தருவன ஆங்காங்கே கருவிகளில் எடுக்கப்படும் அளவுகளே. அவற்றுள் எதனை நம்புவது, எவ்வளவு நம்புவது என்னும் வினா கணிப்பொறிக்கு முந்தியது. அதனை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் கல்கத்தாவில் பணியாற்றினார்.

பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் கற்பித்துவந்த பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை நிலையத்திலும் விஞ்ஞானியாகப் பணிபுரிந்தார். மேல் காற்றின் அழுத்தம், உஷ்ணநிலை ஆகியவற்றுக்கிடையே உள்ள உறவுகளில் அளவீட்டுப் பிழை எவ்வாறு புகுந்து நிற்கின்றது என்பதைப் பற்றிய அவருடைய ஆய்வு 1923-இல் வெளிவந்தது.

பிழை செய்யும் தீங்கு வியப்பானது. இரு அளவுகளுக்கிடையே மெய்யான ஒட்டுறவு 0.9 என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் மெய்யான மாறுபாட்டில் கால் பங்கு அளவு தற்செயல் பிழை கலந்தால், கணக்கில் கிடைப்பது 0.72 மட்டுமே. உறவு மெலிந்தது இயற்கையில் அன்று, குறிப்பேட்டில்தான். பிழையின் அளவை மதிப்பிட்டு நீக்கிப் பார்த்த மகலனோபிஸ், தரையின் வானிலை மாற்றங்களைப் பெரிதும் ஆளும் பகுதி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார்.

இன்றைய கணிப்பொறி முறையும் இதே வழியில் செல்கின்றது. ஒவ்வோர் அளவுக்கும் அதன் பிழைக்குத் தக்க எடை தரப்படுகின்றது. பெரும்பிழைகளை மட்டும் முன்னரே பிரித்தெடுக்கவேண்டும். டம்டமிலிருந்து ஏவப்படும் பலூனின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 850, 700 மில்லிபார் மட்டங்களுக்கு இடையே சராசரி உஷ்ணநிலை 12 டிகிரி சென்டிகிரேடானால், இடையிலுள்ள காற்றின் கனம் சுமார் 1,620 மீட்டராக இருத்தல் வேண்டும். அறிக்கையில் 1,720 என்று வந்தால், அதற்குக் காற்று 17 டிகிரிக்கும் மேல் கூடுதல் வெப்பமாக இருந்திருக்கவேண்டும். வேறுபாடு சரியாக நூறாக இருப்பதால், அனுப்புகையில் ஓர் இலக்கம் பிறழ்ந்தது என்று ஊகிக்கலாம்.

தரையளவில் 1001.8 என்பது 1010.8 என்று இடம் மாறினால் இத்தனை எளிதில் அகப்படாது. இரண்டும் நடக்கக்கூடிய அழுத்தங்களே. அண்டை நிலையங்களோடும் முந்தைய கணிப்போடும் ஒப்பிட்டே அதனைக் காணலாம். வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு நிலைக்கும் சுற்றுப்புறத்திற்கும் சில மில்லிபார்களே வேறுபாடு இருக்கும்; இந்த ஒன்பது மில்லிபார் அதனை வரைபடத்தில் முற்றிலும் மறைத்துவிடக்கூடும்.

இதன் மறுபக்கமும் அஞ்சத்தக்கதே. 1885 செப்டம்பர் 22-இல் ஒரிஸ்ஸாக் கரையைத் தாக்கிய புயலின்போது, மகாநதி முகத்துவாரத்தின் அருகேயுள்ள ஃபால்ஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கத்தில் பாரமானி 27.135 அங்குலத்திற்கு, அதாவது 919 மில்லிபாருக்கு, இறங்கியது. வானிலை இலாகாவின் தலைமையகம் அந்நாளில் கல்கத்தாவில் இருந்தது. அண்டை நிலையங்களோடு மட்டும் ஒப்பிடும் பொறி அத்தகைய எண்ணைத் தயங்காமல் தள்ளிவிடும். தள்ளப்படுவது புயலின் மையமாகவே இருக்கும்.

ஆகவே நுண்ணிய முறைகளில் ஒரே சோதனையைக் கொண்டு எந்த எண்ணும் நீக்கப்படுவதில்லை. பல சோதனைகளின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கின்றனர். ரஷ்ய விஞ்ஞானி லெவ் காண்டின் இதனை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். ஐயத்துக்குரிய எண்ணை அழிக்காமல், ஐயக்குறியிட்டுக் காத்துவைப்பதும் வழக்கம்.

அளவெடுப்போர் இங்கு அறியவேண்டியது ஒன்றுண்டு. முந்திய மணியளவோடு ஒவ்வாத எண்ணைக் கண்டால், அதனை ஒவ்வுமாறு திருத்தி எழுதலாகாது. கருவியை மீண்டும் பார்த்து, கண்டதையே குறித்து, பலத்த காற்று, இடி, கருவிக் கோளாறு முதலியவற்றைக் குறிப்புப் பத்தியில் சேர்க்கவேண்டும். திருத்தப்பட்ட எண் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். அதிலுள்ள பிழையை அதன்பின் எவராலும் கண்டுபிடிக்க முடியாது.