நடிகவேள் எம். ஆர். ராதா – ஒரு மாணவனின் பார்வை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

சென்ற ஆண்டு நம் விடுதி நாள் விழாவில் நண்பர் ஒருவர் பல்குரல் நிகழ்ச்சி வழங்கினார். பல நடிகர்களின் குரலில் பேசிவிட்டு, கடைசியில் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, விரல்களை மடக்கிக்கொண்டு, ஒருவரைப் போலப் பேசத் தொடங்கினார். இரண்டு சொற்கள்தாம் வெளிவந்திருக்கும். மண்டபம் முழுவதும் கைதட்டல்! அவர் யார் என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடிகவேள் எம். ஆர். ராதா மறைந்தது 1979-ஆம் ஆண்டு. அன்று கைதட்டிய மாணவர்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. குரலை அறிந்திருக்கிறோம், குரலுக்குரிய மனிதரை அறிந்திருக்கிறோமா? அவருடைய கலைவாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. அதனை இறுதியில் சொல்கிறேன்.

பாய்ஸ் கம்பெனி என்னும் பள்ளிக்கூடம்

மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்பதன் சுருக்கமே எம். ஆர். ராதா. 1907-இல் சென்னையில் பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பள்ளிப் படிப்பு என்று சொல்லும்படியாக அவருக்கு ஒன்றும் இல்லை.

அக்காலத்தில் சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் நடத்திய கம்பெனிகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. மக்கள் அவற்றைப் 'பாய்ஸ் கம்பெனி' என்றனர். சோறும் துணியும் அங்கேயே. பாட்டும் வசனமும் அங்கேயே. பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினர். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, விடிய விடிய நாடகம் நடத்தினர். சிவாஜி கணேசன், டி. கே. சண்முகம், பி. யு. சின்னப்பா போன்றோர் எல்லாம் இத்தகைய கம்பெனிகளில் பயின்று வந்தவர்களே. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சோறு போட்ட பள்ளிக்கூடம் என்றால் மிகையாகாது.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். எங்கள் மத்தூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துரியோதனன் வேடம் கட்டியவர் அடிவயிற்றிலிருந்து குரலை எடுப்பார். ராதாவின் குரலும் அப்படி மேடையில் உரம் பெற்ற குரல்தான். ஒரே வாக்கியத்தில் கீழே இறங்கி முணுமுணுக்கும். அடுத்த கணமே மேலே ஏறிக் கீச்சிடும். பாட்டுத் திறமையே நடிகனுக்கு முதல் தகுதி என்றிருந்த நாளில், பேச்சாலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர் அவர்.

மேடையா, திரையா?

1937-இல் வெளிவந்த 'ராஜசேகரன்' படத்தின் மூலம் ராதா திரைக்கு வந்தார். அதன்பின் சில படங்களில் நடித்தார். பிறகு சினிமாவை விட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் பலர். சினிமாவிலிருந்து மேடைக்குத் திரும்பிப் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கேயே நின்றவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பத்தாண்டுகளில்தான் அவர் நடிகவேள் ஆனார். 'இழந்த காதல்', 'விமலா அல்லது விதவையின் கண்ணீர்', 'லட்சுமிகாந்தன்', மு. கருணாநிதி எழுதிய 'தூக்கு மேடை' ஆகியவை அவர் மேடையேற்றிய நாடகங்களுள் சில. கருணாநிதிக்குக் 'கலைஞர்' என்னும் பட்டத்தைச் சூட்டியவரும் ராதாவே. பெரியாரின் கொள்கையில் பற்றுக் கொண்டு, மூடநம்பிக்கையையும் சாதியையும் மேடையில் நையாண்டி செய்தார். அன்றைய செய்தித்தாளில் வந்த செய்தியை அன்றிரவே வசனத்தில் சேர்த்துவிடுவார். எழுதிய வசனத்தோடு நிற்காத நடிகர் அவர்.

இதனால் தொல்லைகளும் வந்தன. ஆங்கிலேயர் 1876-இல் கொண்டுவந்த நாடகச் சட்டம் ஒன்று உண்டு. சுதந்திரத்திற்குப் பின் 1954-இல் சென்னை மாகாணத்தில் தனியாக ஒரு நாடகச் சட்டம் வந்தது. ராதாவின் 'இராமாயணம்' நாடகம் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய காலம் அது. வழக்கையும் கைதையும் அவர் சந்தித்தார், மேடையை விடவில்லை. அந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல்தான் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ராதா மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன!

இரத்தக்கண்ணீர்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'இரத்தக்கண்ணீர்' நாடகம் 1949-இல் மேடையேறியது. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான முறை நடந்தது. 'பராசக்தி'யில் பங்கு கொண்ட பெருமாள் முதலியார் அதனைப் படமாக எடுத்தார். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1954-இல் படம் வெளிவந்தது. கதாநாயகன் வேடத்தில் ராதாவே நடித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

கதை நாம் அறிந்ததே. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம் தாயை மதிக்கவில்லை, மனைவியை மதிக்கவில்லை, காந்தா என்னும் தாசியிடம் செல்வத்தை எல்லாம் இழக்கிறான். தொழுநோய் வருகிறது. காந்தாவும் துரத்திவிடுகிறாள். தெருவில் பிச்சை எடுக்கிறான். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணம் முடித்து வைக்கிறான். ஒரு பெண்ணின் மறுமணத்தைக் கணவனே முன்னின்று நடத்துவது 1949-இல் எத்தகைய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்!

நடிப்பைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். முற்பகுதியில் நிமிர்ந்த உடல், வேகமான பேச்சு, இடையிடையே ஆங்கிலம். பிற்பகுதியில் வளைந்த உடல், மடங்கிய விரல், அடைத்த குரல். உடல் முற்றிலும் மாறிவிடுகிறது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. அதுதான் கேலி! பிச்சைக்காரனான பிறகும் மோகனசுந்தரம் ஊரைக் கேலி செய்கிறான். தன்னையும் சேர்த்துக் கேலி செய்கிறான். வேறொரு நடிகராக இருந்தால் அழுது நம்மை அழ வைத்திருப்பார். ராதா சிரிக்க வைத்தார். சிரித்து முடிந்ததும் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. ஒரே வேடத்தை நூற்றுக்கணக்கான இரவுகள் கட்டிப் பார்த்தவருக்கே இது கைகூடும்.

மூன்று மொழி, ஒரு வேடம்

நம் மாவட்டம் மூன்று மொழி கலந்த எல்லை மாவட்டம். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் அண்ணன் தங்கியிருக்கும் அறையில் கன்னடக்காரர் ஒருவரும், குப்பம் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குப் பெரியவர் ஒருவரும் உண்டு. ஒரு நாள் இரத்தக்கண்ணீர் பற்றிப் பேச்சு வந்தது. "அது எங்கள் உபேந்திரா படம்" என்றார் கன்னடக்காரர். "அது எங்கள் நாகபூஷணம் நாடகம்" என்றார் பெரியவர். "அது எம். ஆர். ராதா" என்றார் அண்ணன். மூவரும் சொன்னது உண்மையே. தெலுங்கு மேடையில் இந்நாடகத்தை ஆண்டுக்கணக்கில் நடத்திய நாகபூஷணத்திற்கு 'ரக்தகண்ணீரு நாகபூஷணம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கன்னடத்தில் 2003-இல் உபேந்திரா நடித்து 'ரக்த கண்ணீரு' வெளிவந்தது. ஒரு தமிழ் மேடை வேடம் இரண்டு எல்லைகளைத் தாண்டியிருக்கிறது. நமக்குப் பெருமைதானே!

1954-க்குப் பின் ராதா நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 'பாகப்பிரிவினை' (1959), 'பாவ மன்னிப்பு' (1961), 'பலே பாண்டியா' (1962), 'கற்பகம்' (1963), 'புதிய பறவை' (1964) ஆகியவை சில. வில்லனும் நகைச்சுவை நடிகனும் வேறு வேறு ஆட்கள் என்றிருந்த தமிழ்ப்படத்தில், இரண்டையும் ஒரே முகத்தில் காட்டியவர் அவர். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். இது அவர் வாழ்வின் இருண்ட பக்கம், மறைப்பதற்கில்லை. 1971-இல் விடுதலையானபின் மீண்டும் மேடையேறினார். 1979 செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்த நாளிலேயே, திருச்சியில் காலமானார்.

என் கேள்வி

இனி என் கேள்விக்கு வருகிறேன். என் பாட்டியின் தம்பியை நாங்கள் சின்னத் தாத்தா என்போம். ஆடு மேய்ப்பவர். இளம் வயதில் அவருக்குத் தொழுநோய் வந்தது. அரசு மருத்துவமனை மாத்திரையால் நோய் முழுவதும் குணமாகிவிட்டது; மடங்கிய விரல்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. ஆனாலும் டீக்கடையில் அவருக்குத் தனித் தம்ளர். கல்யாண வீட்டில் அவருக்குப் பந்தலுக்கு வெளியே இலை. தெருப் பையன்கள் அவர் பின்னால் நடந்து, கையை மடக்கிக்கொண்டு, அந்தப் படத்துக் குரலில் பேசுவார்கள். ஒரு நாள் நானும் பேசினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல் எனக்கு வேர்க்கடலை கொண்டுவந்தார். வழக்கம்போலவே அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, நான் எடுப்பதற்காகச் சற்று விலகி நின்றார். தம் கையிலிருந்து நான் வாங்கக் கூசுவேன் என்று அவர் நினைத்தார். நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அதை அவர் பார்க்கவில்லை.

இவ்வாண்டு நுண்ணுயிரியல் பாடத்தில் தொழுநோய் வந்தது. இந்நோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதனைக் கண்டறிந்தார். ஒழுக்கத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாசி வீட்டிற்குப் போவதால் வருவதன்று. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகினால், மூச்சுக்காற்றில் வரும் நீர்த்துளி வழியே தொற்றலாம். அப்போதும் பெரும்பாலோருக்கு வராது. உடலில் இயற்கையாகவே எதிர்ப்பு ஆற்றல் இருக்கிறது. விரல்கள் அழுகி உதிர்வதும் இல்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் புண்ணாகி விரல் குறைகிறது. வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதனை உலகுக்கு விளக்கியதோடு, மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியும் காட்டினார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை உண்டால் நோய் தீரும். மாத்திரை இலவசம்.

அப்படியானால் மோகனசுந்தரத்திற்கு ஏன் தொழுநோய் வந்தது? தப்புச் செய்தான், நோய் வந்தது என்கிறது கதை. தலைவிதி, வினைப்பயன் என்பவற்றையெல்லாம் மேடையிலேயே கேலி செய்தவர் ராதா. அவருடைய புகழ்பெற்ற நாடகத்திலேயே வினைப்பயன் வேறு வேடம் கட்டிக்கொண்டு வந்துவிட்டதே! இதுவே என் கேள்வி.

நாடகம் எழுதிய காலத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1949-இல் இந்நோய்க்கான சல்போன் மருந்துகள் நம் நாட்டில் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. குணமான நோயாளியை அந்நாள் மக்கள் கண்டதில்லை. ஆகவே நாடகத்தைக் குற்றம் கூறுவது என் நோக்கமன்று. மருந்து வந்த பிறகும், தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துப் பெறலாம் என்ற விதியை நம் நாடு 2019-இல்தான் நீக்கியது. அப்படியிருக்க, ஒரு நாடகத்தை மட்டும் குறை சொல்லலாமா?

நண்பர்களே! ராதாவின் குரலை நாம் தொடர்ந்து பேசிப் பார்ப்போம். அது தமிழ் மேடையின் செல்வம். அந்தக் கேலியை, அந்தத் துணிச்சலைக் கற்போம். மடங்கிய விரலை மட்டும் விட்டுவிடுவோம். யாரையும் கேள்வி கேட்கலாம் என்று நமக்குக் காட்டியவரே அவர்தான். அவர் இருந்தால் இக்கேள்விக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன்.

அடுத்த விடுதி நாளில் பல்குரல் செய்யப் போகும் நண்பரிடம் இதை நேரிலும் சொல்லியிருக்கிறேன். சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.