கரன்ட் போவது ஆபத்தில்லை... திரும்பி வருவதுதான்!



'இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டால் டி.வி., கம்ப்யூட்டர் எல்லாம் பத்திரமாக இருக்குமா?' என்று சமவெளிச் சகோதரி ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். மலையில் குடும்பம் நடத்தும் எங்களுக்கு இது வருஷா வருஷம் படிக்கிற பாடம். அதனால், தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஜெகதளா, அரவங்காட்டுக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. இரண்டிலும் கற்பூர மரமும், சில்வர் ஓக் மரமும் மின்கம்பி மேல் சாயாமல் இருக்காது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து பல உயிர்கள் போனதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ., மழை கொட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் கரன்ட் எப்போ போகும், எப்போ வரும் என்பது ஹெத்தையம்மனுக்குத்தான் வெளிச்சம்.

இதில் ஒரு வேடிக்கை! இந்த மாநிலத்துக்கே மின்சாரம் பிறந்த வீடு எங்கள் மலைதான். 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்து, அந்தக் கரன்ட்டில்தான் கோவை மில்கள் பெருகின. பிறகு கனடா நாட்டு உதவியுடன் குந்தாவும் வந்தது. பிறந்த வீட்டில் விளக்கு அணைவதும், புகுந்த வீட்டில் எரிவதும் பெண்களுக்குப் புதுசா என்ன!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கரன்ட் போனால் சாமான் கெட்டுப் போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். போகும்போது கெடுவது ரொம்பக் குறைவு. திரும்பி வரும் முதல் சில நிமிடம்தான் ஆபத்து. லைனில் உள்ள எல்லா வீட்டு பிரிட்ஜும், மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும். வோல்டேஜ் கீழே போகும், மேலே எகிறும். வந்த கரன்ட் இரண்டு நொடியில் மறுபடி போகும், மறுபடி வரும். பிரிட்ஜ் கம்ப்ரசருக்கு இதைப் போல் கெடுதல் வேறு இல்லை. ஓடி நின்றதும் அதற்குள் கேஸ் அழுத்தம் இறங்க மூன்று நிமிடமாவது வேண்டும். அதற்குள் கரன்ட் வந்தால் முக்கி முனகி சூடாகும்.

எனவே கரன்ட் போனதும் பிரிட்ஜ், கம்ப்யூட்டர், டி.வி., சுவிட்சுகளை அணைத்து விடுங்கள். ஒரே ஒரு லைட் மட்டும் போட்டு வையுங்கள். அது சீராக ஐந்து நிமிடம் எரிந்த பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். இதற்குக் காசே வேண்டாம். பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். 'இப்ப உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கறேன்' என்று பிள்ளைகள் திறந்து திறந்து பார்ப்பதைத் தடுப்பதுதான் பெரிய வேலை!

இனி யு.பி.எஸ்., பெட்டி. கடையில் பொதுவாகக் கொடுக்கும் 600 வி.ஏ., பெட்டி சுமார் 360 வாட்தான் தாங்கும். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84. அதாவது 84 வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்பது காகிதக் கணக்கு. நிஜத்தில் மானிட்டரோடு சேர்த்து 150 வாட் இழுக்கிற கம்ப்யூட்டர், பேட்டரி புதுசாக இருக்கும்போதே பதினைந்து, இருபது நிமிடம் ஓடினால் பெரிசு. 'இவ்வளவுதானா?' என்று கேட்காதீர்கள். எழுதிக் கொண்டிருந்ததை 'சேவ்' செய்து, முறையாக அணைக்கத்தான் அந்தப் பெட்டி. திடீரென்று அணைந்தால் பைல் சிதையும்; சில சமயம் 'ஹார்டு டிஸ்க்'கே போகும். சுய உதவிக் குழுக் கணக்கையோ, பிள்ளையின் காலேஜ் விண்ணப்பத்தையோ பாதியில் இழந்தவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமை தெரியும். லேப்டாப்புக்கு இது வேண்டாம். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. அரசு 2011 முதல் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தாலும், அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இந்தப் பெட்டியில் அயர்ன் பாக்ஸ், மிக்சி, ஹீட்டர், பிரிட்ஜ், லேசர் பிரின்டர் எதையும் சொருகக் கூடாது. மோட்டார் சாமான் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும்; சூடு பண்ணுகிற சாமான் எப்போதுமே அதிகமாக இழுக்கும். பெட்டி 'பீப் பீப்' என்று அழுது படுத்து விடும்.

இன்வெர்ட்டர் வேறு ஜாதி. 2012-ல் தமிழகத்தில் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போதுதான் நம் வீடுகளுக்குள் இது கும்பலாக வந்தது. இதன் 150 ஆம்பியர்-மணி பேட்டரி, நாலு லைட், ஒரு பேன், ஒரு டி.வி., என்று 200 வாட் வரை ஐந்தாறு மணி நேரம் ஓட்டும். ஆனால், லைன் கரன்ட் இருக்கும்போது அதை அப்படியே வீட்டுக்குள் விட்டு விடும். கோணலாக வந்தால் கோணலாகவே! இன்வெர்ட்டர் முதுகில் 'யு.பி.எஸ்.,' என்று ஒரு பக்கம் எழுதிய சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் தள்ளி வைத்தால், வோல்டேஜ் ரொம்பக் குறைந்தாலும் கூடினாலும் உடனே பேட்டரிக்கு மாறும்; மாறுவதும் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் நடக்கும். பல வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டதே இல்லை. புதிதாக வாங்குபவர்கள் 'சைன் வேவ்' என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 'ஸ்கொயர் வேவ்' போட்டால் பேன் 'உர்'ரென்று இரையும். மோட்டார் சாமான் சூடாகும்.

ஸ்டெபிலைசர் வாங்கும் முன், சாமானின் பின்னால் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். இப்போதைய டி.வி., அடாப்டர் பலவற்றில் '100 - 240' என்று போட்டிருக்கும். லோ வோல்டேஜை அதுவே சமாளிக்கும். தனி ஸ்டெபிலைசர் தண்டச் செலவு. பிரிட்ஜ் வாங்கும்போது 'ஸ்டெபிலைசர் தேவையில்லைம்மா' என்பார் கடைக்காரர். 'எத்தனை வோல்டிலிருந்து எத்தனை வோல்ட் வரைக்கும் தேவையில்லை தம்பி?' என்று கேளுங்கள். பழைய பிரிட்ஜாக இருந்தால், மூன்று நிமிடம் தாமதித்துக் கரன்ட் விடுகிற ஸ்டெபிலைசராகப் போடுவது நல்லது.

இவ்வளவும் இருந்தும் சாமான் எரிந்த கதை எங்கள் பக்கத்து வரிசையில் நடந்தது. ஜூன் மாதக் காற்றில் ஒரு பெரிய கிளை லைன் மேல் விழுந்தது. கரன்ட் போகவில்லை. ஆனால், ஒரு வீட்டில் லைட் மங்கிப் போய் மினுக்கியது. அடுத்த வீட்டில் பல்பு பகல் போல் பிரகாசமாக எரிந்தது. 'அட, இன்னிக்கு கரன்ட் நல்லா இருக்கே!' என்று அந்த வீட்டு அக்கா சொல்லி வாய் மூடவில்லை, டி.வி.,யிலிருந்து புகை. இன்டர்நெட் பெட்டி அடாப்டர், போன் சார்ஜர், யு.பி.எஸ்., எல்லாம் வரிசையாகப் போயின.

நடந்தது இதுதான். கம்பத்தில் மூன்று பேஸ் கம்பியும், பொதுவாக ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. வீட்டுக்கு 230 வோல்ட் வருவது அந்த நியூட்ரல் சரியாக இருக்கும் வரைதான். அது அறுந்தால் ஒரு வீட்டுக்கு 100 வோல்டும், அடுத்த வீட்டுக்கு 300-க்கு மேலும் போகும். 400 வரைக்கும் ஏறலாம். சின்ன யு.பி.எஸ்., இதைத் தாங்காது. தன் உயிரைக் கொடுத்து கம்ப்யூட்டரைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம்.

ஆகவே சகோதரிகளே, லைட் திடீரென்று வழக்கத்தை விடப் பிரகாசமாக எரிந்தாலோ, ஒரு பக்கம் மங்கி ஒரு பக்கம் எகிறினாலோ, ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணையுங்கள். எரிகிற சாமானைத் தேடிப் போகாதீர்கள். வீட்டில் உள்ள பாட்டி முதல் பத்து வயசுப் பிள்ளை வரை எல்லாருக்கும் மெயின் எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள். அக்கம்பக்கத்துக்கும் குரல் கொடுங்கள். பிறகு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குப் போன் செய்து சொல்லுங்கள். இதற்கென்றே மெயின் போர்டில், ட்ரிப்பர் பக்கத்தில் பொருத்துகிற ஒரு சாதனம் கிடைக்கிறது. 'ஓவர் வோல்டேஜ், லோ வோல்டேஜ் கட்-ஆப்' என்று கேட்டால் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். அளவு தாண்டினால் வீடு மொத்தத்துக்கும் கரன்ட்டை வெட்டி, சரியானதும் தானே இணைக்கும். என்னைக் கேட்டால், இரண்டாவது யு.பி.எஸ்., வாங்குகிற பணத்தில் இதைப் போடலாம்.

அதற்கும் முன்னால் 'எர்த்'. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி வைத்திருப்பார்கள். அன்று இரும்புக் குழாய், சரியாக இருந்தது. இன்று பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று. எர்த் போன இடம் தெரியாது! மூன்று கால் பிளக்கில் பெரிய காலை ஒடித்து இரண்டு கால் பாயின்டில் சொருகும் வழக்கமும் இருக்கிறது. எர்த் இல்லாவிட்டால் எகிறி வரும் கரன்ட்டைத் தரைக்கு இறக்கி விட ஸ்பைக் பஸ்டராலும் முடியாது, யு.பி.எஸ்.,சாலும் முடியாது. சாமானைத் தொட்டால் 'சுரீர்' என்பதும் இதனால்தான். பாத்ரூம் ஹீட்டரில் அது உயிரையே வாங்கும். நல்ல எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் சரிவான நிலம், தண்ணீர் நிற்காது. பிப்ரவரி, மார்ச்சில் எர்த் குழி காய்ந்து விடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி விட வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் 'ஆர்.சி.சி.பி.,' ட்ரிப்பர் இருந்தால், ஷாக் அடித்த நொடியே கரன்ட் விழுந்து விடும்.

இடிக்கு மட்டும் எந்தப் பெட்டியும் பதில் சொல்லாது. மேகம் கருக்கும்போதே பிளக்கைக் கழற்றி விடுங்கள், கேபிள் டி.வி., ஒயரையும் சேர்த்து. இடி இறங்க ஆரம்பித்த பிறகு தொடப் போகாதீர்கள்.

பேட்டரி பராமரிப்பு எப்படியோ நம் தலையில்தான் விழுகிறது. குளிரில் பேட்டரி கொடுக்கும் நேரம் குறையும். ஆனால், ஆயுசு கூடும். வெயில் ஊரில் நேர்மாறு. அதனால் சென்னைத் தங்கை வீட்டில் ஆறு மணி நேரம் ஓடியது நம் வீட்டில் டிசம்பரில் ஐந்துதான் ஓடுகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்! டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ, கொதித்து ஆறிய நீரோ கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டம் பாருங்கள். முனையில் பூக்கிற வெள்ளை, பச்சைப் பொடியை, இன்வெர்ட்டரை அணைத்து, ஒயரைக் கழற்றிய பின், ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, வாசலின் தடவலாம். மூடி வழியே உள்ளே ஒரு சொட்டும் போகக் கூடாது.

ஒன்று கவனம். சார்ஜ் ஆகும்போது இந்த பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். சின்னத் தீப்பொறி போதும், வெடிக்கும். மலையில் நாம் குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்து வைக்கிறோம். படுக்கையறையிலோ, கதவு போட்ட அலமாரிக்குள்ளோ, சாமி விளக்கு எரியும் மாடத்துக்குக் கீழேயோ, அடுப்புப் பக்கமோ வைக்காதீர்கள். காற்று போய்வரும் நடைவழியில், மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைப்பது நல்லது. மழைக்கால ஈரத்துக்கும் அது பாதுகாப்பு.

பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் கரன்ட் போனதும் இன்டர்நெட் போவதுதான் தலைவலி. இன்டர்நெட் பெட்டி பத்துப் பன்னிரண்டு வாட்தான் இழுக்கும். அதற்கென்று தனியாக உள்ளங்கை அளவு யு.பி.எஸ்., ஆயிரத்துச் சில்லறைக்குக் கிடைக்கிறது. இரண்டு, மூன்று மணி நேரம் தாக்குப் பிடிக்கும். பெட்டியில் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டில் மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களுக்கு 2021 கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி, இன்றும் வைத்திருப்பவர்கள் உண்டு. அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், இடைவிடாமல். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.,ஸை நம்பி விடாதீர்கள். தக்க அளவில் சைன் வேவ் இன்வெர்ட்டரும், அது தீர்ந்தால் மாற்ற ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வீட்டில் இருக்க வேண்டும். டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு வைப்பது உத்தமம்.

இரண்டு நாள் கரன்ட் இல்லையென்றால் சிலர் ஜெனரேட்டர் கொண்டு வந்து, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் சுவர் பாயின்டில் கொடுத்து விடுகிறார்கள். மெயினை அணைக்க மறந்தால், அந்தக் கரன்ட் வெளியே லைனுக்கு ஏறி, டிரான்ஸ்பார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட் ஆகிவிடும். கொட்டும் மழையில் கம்பத்தில் நின்று நமக்காகக் கம்பி கட்டும் லைன்மேனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே? ஜெனரேட்டரோ, இன்வெர்ட்டரோ, 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் வைத்து எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும்.

மாதம் ஒரு நாள், அமாவாசையோ, வெள்ளிக்கிழமையோ, நினைவிருக்கிற மாதிரி ஒரு நாள், யு.பி.எஸ்.,ஸின் சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். இருபது நிமிடம் ஓடியது ஐந்துக்கு வந்தால் பேட்டரி முடிந்தது. சின்ன பேட்டரி இரண்டு, மூன்று வருடம்தான். பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிப்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிக்கிற கம்பெனிக்கு இருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் கழித்துக் கொள்ளச் சொல்லுங்கள். கழிப்பார்கள், கேட்டால்தான் கழிப்பார்கள்!

- ஒரு வாசகி, ஜெகதளா, நீலகிரி.