தொத்து வியாதிக் காலத்தில் தனித்திருத்தல்

தொத்து வியாதி பரவும்போது, வீட்டை விட்டு வெளியே வரலாகாது என்று உத்தரவிடுதல் எளிது. அதன்படி நடத்தல் எளிதன்று. நோயாளியைப் பிரித்து வைக்கவேண்டும் என்பதை நம் ஜனங்கள் அறியாதவரல்லர். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவது நெடுநாளைய வழக்கம். அதைக் கண்ட அயலார் உள்ளே நுழையார். அவ்வீட்டாரும் விசேஷங்களுக்குச் செல்லார். வேப்பிலையினால் எவர்க்கும் அவமானமில்லை. ஆதலால் அதை மறைப்பாருமில்லை. அங்ஙனமாயின், சர்க்கார் உத்தரவு பிறந்த காலங்களில் ஜனங்கள் நோயை மறைத்தது ஏன்? சரித்திரத்தை நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும்.

1896-ஆம் வருஷம் பம்பாயில் தோன்றிய பிளேக், விரைவில் பூனாவையும் பற்றிற்று. 1897-இல் தொத்து வியாதிச் சட்டம் பிறந்தது. பூனாவில் ராண்ட் என்னும் துரையின் தலைமையிலிருந்த கமிட்டியார் பட்டாளத்துச் சிப்பாய்களைக் கொண்டு வீடுதோறும் சோதனையிட்டனர். அந்நியர் சமையலறையிலும் பூஜையறையிலும் புகுந்தனர். நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கும், உடனிருந்தோர் முகாம்களுக்கும் கொண்டுபோகப்பட்டனர். அஞ்சிய ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தனர். பலர் ஊரை விட்டே ஓடினர். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு ராண்ட் சுடப்பட்டு, சில தினங்களில் மாண்டார். பலாத்காரத்தினால் ஜனங்களின் நம்பிக்கை போயிற்றேயன்றி, நோய் போகவில்லை.

இதற்கு மாறான செய்தியொன்று இங்கிலாந்து தேசத்தில் வழங்குகிறது. டார்பிஷயரிலுள்ள ஈம் என்னும் கிராமத்தில் 1665-இல் பிளேக் தோன்றிற்று. மறு வருஷம் ஜூன் மாதத்தில் பாதிரியார் மாம்பெஸன், தமக்கு முன்னிருந்த பாதிரியார் ஸ்டான்லியோடு சேர்ந்து ஊராரிடம் பேசினார். நோய் அயலூர்களுக்குப் பரவாதபடி ஒருவரும் எல்லையைத் தாண்டுவதில்லை என்று ஊரார் உறுதி கொண்டனர். டெவன்ஷயர் பிரபு உணவுப்பொருள் அனுப்பினார். அயலூரார் பண்டங்களை எல்லையில் வைத்துச் சென்றனர். ஊரார் எல்லைக் கல்லின் குழியில் காடி வார்த்து, அதில் காசை இட்டனர். சுமார் 260 பேர் மாண்டனர் என்பர். பாதிரியாரின் மனைவியும் அவர்களில் ஒருவர். அத்தனை துன்பத்திலும் அவர்கள் உறுதி தளராமைக்குக் காரணங்கள் இரண்டு: முடிவு அவர்களுடையதாயிருந்தது, உணவும் வந்துகொண்டிருந்தது.

2020-ஆம் வருஷத்துக் கொரோனாக் காலத்திலும் இவ்வுண்மை விளங்கிற்று. அந்நோய் குறிகள் தோன்றுவதற்கு 2 நாள் முன்னரே பிறரைத் தொத்த வல்லது. ஆகவே நோயாளியோடு பழகியோர், சுகமாயிருப்பினும், 14 நாள் தனித்திருக்குமாறு சொல்லப்பட்டனர். நாட்கூலி பெறுவோனுக்கு அது 14 நாட்கூலி இழப்பு. ஓரறை வீட்டில் ஐவர் வாழுமிடத்துத் தனியறைக்கு எங்கே போவது? வாயிலில் ஒட்டிய தாளும், தெருவில் அடித்த தகரமும் அண்டை வீட்டாரின் ஏச்சுக்கு இடமாயின. பரிசோதனைக்குச் செல்லவே பலர் அஞ்சினர். தகுந்த அதிகாரியின் உத்தரவின்றி வீடுகளில் அவ்வாறு தாள் ஒட்டலாகாதென்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் கூறினர்.

அவ்வருஷம் ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசிக் கார்டு பெற்ற குடும்பங்களுக்கு ரூ.1,000-மும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் முதலியனவும் விலையின்றி வழங்கப்பட்டன. நெருக்கடி நேராதபடி நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் கொடுக்கப்பட்டன. இவற்றை வழங்கிய ரேஷன் கடைகளுள் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களுடையவை என்பதை அங்கத்தினர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் கடைக்கே வரலாகாத வீட்டாருக்குக் கடையினால் பயனில்லை. அங்கே அங்கத்தினர்களின் உதவி வேண்டும். அத்தகைய வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்கத்தினர் பொறுப்பேற்று, அரிசியும் மருந்தும் வாயிற்படியில் வைத்து வரலாம். மாட்டுக்குத் தீவனமிடவும், வயலுக்கு நீர் பாய்ச்சவும் முறை வைத்துக்கொள்ளலாம். கடன் தவணை தவறும் நிலையிருப்பின், அவ்வீட்டார் கேட்குமுன்னரே பஞ்சாயத்தார் விதிகளின்படி கெடு நீட்டிப்புக்கு ஏற்பாடு செய்யலாம். நோய் கண்ட குடும்பத்தைப் பழித்துப் பேசுவோரைப் பெரியோர்கள் கண்டித்தலும் அவசியம்.

தனித்திருப்பவன் தன்னை மாத்திரம் காத்துக்கொள்ளவில்லை, ஊரைக் காக்கிறான். அவன் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது ஊரார் கடமையாகும்.