பத்திரத்தில் இல்லாத கையெழுத்து

வீட்டு மனையோ விளைநிலமோ வாங்க முற்படும் குடும்பம், தன் வாழ்நாள் சேமிப்பையும், அது போதாதபோது வங்கிக் கடனையும், பெண்களின் கழுத்து நகையையும் ஒன்றுதிரட்டிக் கொடுத்துவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்த அன்றே சொத்து தனக்கு நிச்சயமாகிவிட்டது என்று எண்ணுவது வெகு சகஜமான, ஆனால் வெகு ஆபத்தான நம்பிக்கை. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம், பதிவான பத்திரத்தின் மூலமே நடைபெற வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் விதித்திருப்பது மெய்தான். ஆயினும் இன்னார் இன்னாருக்கு இன்னதை எழுதிக் கொடுத்தார் என்பதற்குப் பதிவு சாட்சியமாகுமேயன்றி, எழுதிக் கொடுத்தவருக்கு அதற்கான பாத்தியதை இருந்தது என்பதற்கு அது பிணையாகாது. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்றான 55-ஏ(i) செல்லாதென்று 2025 ஏப்ரல் 7-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்மானிக்கும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை என்பதைத் தெளிவாகவே எடுத்துரைத்தது. அவருக்கில்லாத அந்த ஆராய்ச்சிப் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. அதை அவர் பொருட்டு ஏற்றுச் செய்பவரே சொத்து விஷயங்களில் தேர்ந்த வழக்கறிஞர்.

அவர் செய்வது என்ன? பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளைப் பார்ப்பதைவிட, இருந்திருக்க வேண்டியும் இல்லாமற்போன கையெழுத்துகளைத் தேடுவதே அவருடைய தொழிலின் சாரம் என்பேன். ஓர் உதாரணம் கொள்வோம். 1961-இல் ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் நிலம் வாங்குகிறார். 1978-இல் உயில் எழுதாமல் காலமாகிறார். மனைவியும் இரண்டு புதல்வரும் ஒரு புதல்வியும் இருக்கிறார்கள். 1994-இல் புதல்வர் இருவர் மட்டும் சேர்ந்து அந்நிலத்தை விற்க, அதன்பின் அது இருமுறை கைமாறி இன்று நம்மிடம் விலைக்கு வருகிறது. எல்லாக் கிரயமும் பதிவானவை. வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவுமில்லை. பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருக்கிறது. இவற்றைக் கண்டு தரகர் திருப்தியடையலாம். வழக்கறிஞரோ 1978-ஆம் ஆண்டில் நின்றுவிடுகிறார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய்க்கும் மகளுக்கும் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு சேர்ந்திருக்க, அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா, வாரிசுச் சான்று எங்கே என்று அவர் கேட்கும் இரண்டு கேள்விகளில் அந்தக் கிரயத்தின் பாதி ஆட்டம் கண்டுவிடுகிறது. பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தாயிருந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ஆம் தேதி முதல், அன்று மணமாகாதிருந்த பெண்களுக்கும், 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தத்தால் பெண்மக்கள் அனைவருக்கும் பிறப்புரிமைப் பங்கு உண்டானதால், பாகப்பிரிவினை எந்தத் தேதியில் எவ்வாறு நடந்தது என்பது உயிர்நாடியான கேள்வியாகிறது.

மைனரின் தனிச்சொத்தை, நீதிமன்ற அனுமதியின்றி, தகப்பனாரே ஆயினும் விற்க முடியாது. விற்றால், அந்தப் பிள்ளை பருவமெய்திய பின் மூன்றாண்டுக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்காடலாம். பவர் பத்திரத்தின் பேரில் விற்பவரிடம், அதைக் கொடுத்தவர் இன்று உயிரோடிருக்கிறாரா என்று கேட்டாக வேண்டும்; அவர் இறந்தால் சாதாரணமாக அந்த அதிகாரமும் இறந்துபோகும். பவர் பத்திரமும் கிரய உடன்படிக்கையும் மட்டுமே வைத்துக்கொண்டு உரிமை மாறிவிட்டதாகக் கொள்ளலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இலேயே அறுதியிட்டுவிட்டது.

வில்லங்கச் சான்றை ஜனங்கள் அதற்குள்ள பலத்துக்கு மிஞ்சி நம்புகிறார்கள். பதிவான ஆவணங்களை மாத்திரமே அது சொல்லும்; பெட்டிக்குள் இருக்கும் பதியாத உயிலையோ, உரிமையியல் நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கையோ அது அறியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்கேயன்றி உரிமைப் பத்திரமன்று. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயரும் பரப்பும் பிசகிப் பதிவானவை இன்றும் வழக்காடும் இடங்களிலெல்லாம் எதிர்ப்படுகின்றன. மூலப்பத்திரத்தில் 2 ஏக்கர் 40 சென்ட் என்றிருக்கும், பட்டாவிலோ 0.93.0 ஹெக்டேர் என்றிருக்கும். கணக்கிட்டால் ஏறத்தாழ 10 சென்ட் காணாமற்போயிருக்கும். அந்தப் பத்து சென்ட் அடுத்தவர் வரப்புக்குள் போயிற்றா, ஓடைப் புறம்போக்கில் சேர்ந்ததா என்பதைப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரை அழைத்து, நான்கெல்லையையும் நடந்து பார்த்தாலொழியத் தீராது.

பஞ்சமி நிலத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாக 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலங்கள், அந்த நிபந்தனைக்கு மாறாகப் பிறர் கைக்குப் போனது வெறும் பத்திரக் குறைபாடு அன்று. தலைமுறைகளுக்கு இழைக்கப்பட்ட அநீதி. பழைய வருவாய்க் கணக்குகளைப் பார்க்காமல் அத்தகைய நிலத்தை வாங்குபவர் பணத்தை இழப்பது ஒருபுறமிருக்க, அந்த அநீதியிலும் பங்காளியாகிறார்.

இவ்வளவு விசாரணையும் பயன்படும் காலம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேதான். நடைமுறையிலோ பெரும்பாலோர் அட்வான்ஸ் கொடுத்த பிறகே வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என்று ஆறுதலடைவோரும் உண்டு. அவர் கருத்துரை எழுதுவது வங்கியின் கடனைக் காப்பதற்கே. மனைப்பிரிவு விற்பவர் அமர்த்திய வழக்கறிஞரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? கிரயத்துக்கு நூற்றுக்கு 7 முத்திரைத் தீர்வையும் நூற்றுக்கு 2 பதிவுக் கட்டணமும் செலுத்த முன்வருபவர், அதில் சிறு பகுதியைத் தமக்கே பொறுப்பான ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கத் தயங்குவது எனக்கு விளங்காத காரியம். உரிமையில் குறை காணப்பட்டால் முன்பணத்தை முழுவதும் திருப்பித் தரவேண்டும் என்ற வாசகம் உடன்படிக்கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 முதல் அந்த உடன்படிக்கையும் கட்டாயமாகப் பதிவு செய்யத்தக்கதே.

தவறு நேர்ந்தபின் பரிகாரம் உண்டு, காலவரம்பும் உண்டு. விற்பவர் கிரயம் செய்து தர மறுத்தால், குறித்த தேதியிலிருந்து மூன்றாண்டுக்குள் ஏற்றதை ஆற்றும்படி வழக்குத் தொடரலாம். பாக்கித் தொகையுடன் தாம் எப்போதும் ஆயத்தமாக இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும். மோசடிப் பத்திரத்தை ரத்துசெய்ய, விவரம் தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டு. உரிமையின்றி விற்றவரிடம் நஷ்டஈடு கோரவும் சட்டம் இடந்தருகிறது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, தமக்கு விற்கும் அதிகாரம் இருப்பதாக விற்பவர் உறுதியளித்ததாகவே அது கொள்ளும். ஆள்மாறாட்டமும் போலிக் கையெழுத்தும் நடந்திருந்தால் காவல்துறையிலும் புகார் செய்ய வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் சார்பதிவாளர் காரணத்தை எழுத்தில் தரக் கடமைப்பட்டவர். 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முறையீடு செய்யலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று பங்கை விட்டுக்கொடுத்துவிடும் பெண்கள் ஒன்றை அறியவேண்டும்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞருக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில், பத்திர நகல்களையும் வாரிசுச் சான்றையும் இணைத்து ஒரு மனு கொடுத்தால் போதும்.