உங்களுக்குத் தெரியுமா? லார்ட்ஸில் மட்டை பிடித்த கவிஞர்
உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் தனிமனித விடுதலைக்கும் முதன்மை தந்த கற்பனாவாதம் என்னும் இலக்கிய இயக்கத்தின் பெருங்கவிஞரான பைரன், கால் ஊனத்துடன் பிறந்தவராயினும், 1805 ஆகஸ்ட் 2 அன்று லண்டனின் பழைய லார்ட்ஸ் மைதானத்தில் ஹாரோ பள்ளி அணிக்காக ஈட்டன் பள்ளியை எதிர்த்து கிரிக்கெட் ஆடினார். அவருக்காக ஓட்டங்களை ஓட, ‘ரன்னர்’ எனப்படும் துணை ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுங்காத அந்தத் துணிவு, அவர் எடுத்த ஓட்டங்களைவிடப் பெரிது. ஆட்டத்தில் வென்ற ஈட்டனில் அப்போது பயின்றுகொண்டிருந்தவர் மற்றொரு கற்பனாவாதக் கவிஞரான ஷெல்லி. அவர்மீது கொண்ட பற்றினால் ‘ஷெல்லிதாசன்’ என்னும் புனைபெயரைச் சூடிய பாரதியார், புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்தார். ‘குயில் பாட்டு’ அங்கே எழுந்த படைப்பாகும்.