சட்டத்தின் பயனை அளப்பது எவ்வாறு?

தீபாவளியை ஒட்டிக் கைத்தறித் துணிகளுக்குத் தள்ளுபடி அளிக்கிறோம், விற்பனை உயர்கிறது. உயர்வுக்குக் காரணம் தள்ளுபடியா, பண்டிகையா? தள்ளுபடி இல்லாதிருந்தாலும் அந்த மாதத்தில் துணி விற்றிருக்கும் அல்லவா? சங்கத்தின் விற்பனைப் புத்தகத்தை மட்டும் புரட்டி இதற்கு விடை கூற இயலாது. நடந்தது புத்தகத்தில் இருக்கிறது. தள்ளுபடி இன்றேல் என்ன நடந்திருக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அரசாங்கத்தின் சட்ட திட்டங்களை ஆராயும் பொருளாதார நிபுணர்களுக்கும் உள்ள இடர்ப்பாடு இதுவே. அதைக் கடக்க அவர்கள் கையாளும் வழிகளுள் இரண்டை உறுப்பினர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, கூலியைப் பற்றியது. குறைந்தபட்சக் கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் முதலாளிகள் ஆட்களைக் குறைத்துவிடுவர் என்பது நெடுங்காலமாகப் பலர் கொண்டிருந்த கருத்து. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரல் முதல் நாளன்று அக்கூலி மணிக்கு 4 டாலர் 25 சென்டிலிருந்து 5 டாலர் 5 சென்டாக உயர்ந்தது. அடுத்துள்ள பென்சில்வேனியாவில் அது உயரவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் இந்த வேறுபாட்டையே தங்கள் ஆராய்ச்சிக்குக் கருவியாகக் கொண்டனர். நியூ ஜெர்சியிலும், அதனை ஒட்டிய கிழக்குப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவுக் கடைகளைத் தேர்ந்து, கூலி உயர்வதற்கு முன் ஒரு முறையும், உயர்ந்து சில மாதங்கள் சென்றபின் மறு முறையும் ஆட்கணக்கு எடுத்தனர். நியூ ஜெர்சிக் கடைகளில் சராசரி ஆள் எண்ணிக்கை 20.4-லிருந்து 21 ஆயிற்று. கூலி உயராத பென்சில்வேனியாவிலோ 23.3-லிருந்து 21.2-ஆகக் குறைந்தது. அது வாணிபம் மந்தமாயிருந்த காலம். பென்சில்வேனியாவின் கணக்கு இல்லாவிடில், நியூ ஜெர்சியின் கணக்கை எதனோடு வைத்து மதிப்பிடுவது?

1994-இல் வெளிவந்த இந்த முடிவை எல்லோரும் ஒப்புக்கொண்டனர் என்று எண்ணிவிட வேண்டா. வேறு இருவர் கடைகளின் சம்பளப் பட்டியல்களைக் கொண்டு ஆராய்ந்து, வேலை குறைந்தது என்றே கூறினர். கார்டும் குரூகரும் அரசாங்கப் பதிவுகளைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் மறுமொழி எழுதினர். வழக்கு இன்னும் முற்றிலும் தீரவில்லை. எனினும் வழக்காடும் முறை மாறிவிட்டது. கார்டுக்கு 2021-இல் நோபெல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. குரூகர் 2019-இலேயே காலமாகிவிட்டார்.

அண்டை மாநிலம் இவ்வாறு தானே ஒப்புநோக்க வாய்ப்பது அரிது. வாய்க்காதபோது, ஒப்புநோக்குவதற்குரிய பகுதியை ஆராய்ச்சியாளரே சீட்டுக் குலுக்கி அமைத்துக்கொள்கின்றனர். இரண்டாவது வழி இது. இதற்கான உதாரணம் குஜராத்திலிருந்து கிடைக்கிறது. சாயக் கழிவுநீர் கலந்த ஆற்றையும் கிணற்றையும் அறிந்த நெசவாளரும் விவசாயிகளும் இதனைக் கவனித்தல் தகும்.

மிகுதியாக மாசு வெளிவிடக் கூடிய ஆலைகள் ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளரைக் கொண்டு மாசை அளந்து அறிக்கை தரவேண்டும் என்னும் ஏற்பாடு அம்மாநிலத்தில் 1996 முதல் இருந்து வந்தது. ஏற்பாடு நன்றே. ஆனால் தணிக்கையாளரைத் தெரிந்தெடுப்பதும் அவருக்குப் பணம் தருவதும் அந்த ஆலையே! கணக்குப் புத்தகத்தோடு பழகிய எவருக்கும் இதன் விளைவு சொல்லாமலே விளங்கும். எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரையன் ஆகிய நால்வர், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் துணையோடு, அகமதாபாத், சூரத் வட்டாரங்களில் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டனர். குலுக்கலில் 233 ஆலைகள் புதிய முறைக்கும், எஞ்சிய 240 பழைய முறைக்கும் விழுந்தன. புதிய முறையில் எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதை ஆலை தீர்மானிப்பதில்லை. கட்டணம் பொது நிதியிலிருந்து ஒரே அளவில் தரப்பட்டது. சில ஆலைகளில் மறு அளவையும் எடுக்கப்பட்டது.

பழைய முறையில் இருந்த ஆலைகளுள் புகைத்தூசி வரம்பை மீறியவை நூற்றுக்கு 7 மட்டுமே என்றன தணிக்கை அறிக்கைகள். மறு அளவையிலோ நூற்றுக்கு 59 மீறியிருக்கக் காணப்பட்டது. அறிக்கைகளில் பல, வரம்புக்குச் சற்றே கீழான எண்ணைத் தாங்கி வந்தன! புதிய முறையில், வரம்பை மீறிய ஆலையை மீறாததாகப் பொய்யாய் எழுதுவது நூற்றுக்கு 80 அளவு குறைந்தது. தணிக்கையாளர் வேற்று மனிதர் அல்லர். அதே தொழில் செய்தவரே. மாறியது, பணம் தருபவர் யார் என்பதும் மறு அளவை உண்டு என்பதுமே. அறிக்கை நேரானதும் ஆலைகள் வெளிவிட்ட மாசும் குறைந்தது. குலுக்கலில் பிரிந்த இரு பகுதிகளும் தொடக்கத்தில் ஒத்தவை. ஆதலின் இக்குறைவுக்கு மழையையோ சந்தையையோ காரணம் காட்ட இடமில்லை. வாரியம் 2015-இல் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் அமர்த்தும் வழக்கத்தை மேற்கொண்டது.

எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் பார்த்துவிட முடியாது. குஜராத்தில் கண்டது வேறிடத்தில் அவ்வாறே நிகழும் என்பதற்கும் உறுதியில்லை. அங்கங்கே அளந்துதான் காணவேண்டும். தொடக்கத்தில் கூறிய தள்ளுபடி வினாவுக்கோ பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரே சங்கத்துக்குப் பல விற்பனை நிலையங்கள் இருப்பின், பண்டிகை அல்லாத ஒரு மாதத்தில், சீட்டில் வந்த பாதி நிலையங்களில் மட்டும் தள்ளுபடி அளித்து, இரு பாதிகளின் முன் மாத விற்பனையையும் அம்மாத விற்பனையையும் அருகருகே எழுதிப் பார்க்கலாம்.