அலைய வைக்கும் வைரஸ்

ஆரணிப் பட்டைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்த நூலைத் தரும் புழுவை, அது சாகும் முன் ஒரு வைரஸ் அலைய வைக்கும், தெரியுமா?

இந்த வைரஸால் வரும் கிராசரி நோய் முற்றிய பட்டுப்புழு, வளர்ப்புத் தட்டின் விளிம்பைச் சுற்றி ஓயாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பாவம், அதன் உடம்புக்குள் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது. கடைசியில் தோல் கிழிந்து, பால் மாதிரி வடியும். அந்தப் பால் பட்ட மல்பெரி இலையைத் தின்றால், அடுத்த புழுவுக்கும் நோய்தான்! வளர்ப்பவரின் உழைப்பெல்லாம் வீண்.

புழுவை அலைய வைப்பது வைரஸிலுள்ள ஒரு மரபணு என்று ஜப்பான், அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ல் கண்டறிந்தார்கள். அதை நீக்கிய வைரஸ் தொற்றிய புழுக்கள் அப்படி அலையவில்லை. நீங்கள் பட்டுப்புழு வளர்ப்பவரானால், விளிம்பில் சுற்றும் புழுவைக் கண்டதும், தோல் கிழிவதற்குள் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.